நான்கு சேனல் ஹெலிகாப்டர்: மேலே ஏற்றுவதற்கு முன் தரையிலேயே பழக வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது. சைமா எஸ்107 மாதிரியான மூன்று சேனல் (தனித்தனியே இயக்கக்கூடிய மூன்று அசைவுகள்) பொம்மை ஹெலிகாப்டரை நன்றாக ஓட்டிப் பழகியவர், இப்போது வி911எஸ் வகையில் ஒற்றை ரோட்டர் (மேலே சுற்றித் தூக்கும் பிளேடுகள்) வைத்த நான்கு சேனல் ஹெலிகாப்டர் வாங்கியிருக்கிறார். திராட்டிலை (தூக்குவிசையைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல்) ஏற்றியதும் அது இடப்பக்கமாகச் சறுக்கிப் போய் பீரோவில் மோதுகிறது. டிரிம் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் திருத்தம்) எவ்வளவு வைத்தாலும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. மூக்கு நம்மைப் பார்க்கத் திரும்பிவிட்டால் கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்றே தெரியவில்லை. "கன்ட்ரோல்களை முதலில் பழகிவிட்டு அப்புறம் பறக்கவிட வழி உண்டா? சிமுலேட்டர் (கணினியில் ஓட்டிப் பழகும் மென்பொருள்) வாங்கியே ஆக வேண்டுமா?" என்று கேட்கிறார்.

வழி உண்டு. பெரும்பகுதியை மோட்டாரே ஓடாமல் பழகலாம். ஆனால் பழகுவதற்கு முன் ஒன்றை மறக்க வேண்டியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் அதுதான் பாதிச் சிக்கல்.

எஸ்107-இல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்றின் திருகுவிசையை மற்றது சமன்செய்துவிடும். உச்சியில் இரு முனையிலும் எடை வைத்த ஒரு தண்டு சாய்வைத் தானாகவே திருத்திக்கொண்டிருக்கும். வாலில் படுக்கைவாட்டில் இருக்கும் குட்டி விசிறி வாலைத் தூக்கினால் முன்னே போகும், அழுத்தினால் பின்னே வரும். பக்கவாட்டில் நகர்த்தும் வசதியே அதில் கிடையாது. அதனால்தான் கையை எடுத்துவிட்டாலும் பெரும்பாலும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டியபோது நீங்கள் பழகியது உயரத்தைப் பிடிப்பதும் மூக்கைத் திருப்புவதும்தான். அந்தத் திருப்பும் வேலை எந்தக் கட்டைவிரலில் இருந்தது? வலதில். வலது ஸ்டிக்கை இடமும் வலமும் தள்ளினால் மூக்கு திரும்பியது.

புதிய ரிமோட்டில் அந்த வேலை இடது கட்டைவிரலுக்கு மாறிவிட்டது. வலது ஸ்டிக்கின் இட வல அசைவு இப்போது இயந்திரத்தையே பக்கவாட்டில் சாய்க்கிறது. பழைய பழக்கத்தில், மூக்கு கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியதும் சரிசெய்வதற்காக வலது கட்டைவிரல் இடப்பக்கம் போகும். மூக்கு திரும்பியபடியே இருக்க, ஹெலிகாப்டர் சாய்ந்து இடப்பக்கம் ஓடும். பீரோ எந்தப் பக்கம் இருந்தது என்று பாருங்கள்.

சரி, நான்கு கன்ட்ரோல்கள். இங்கே கடைகளில் கிடைக்கும் ரிமோட்டுகள் பெரும்பாலும் மோடு 2. அதில் இடது ஸ்டிக்கின் மேல் கீழ் அசைவு திராட்டில், அதாவது தூக்குவிசை. அதே ஸ்டிக்கின் இட வல அசைவு ரட்டர். மூக்கு நின்ற இடத்திலேயே திரும்பும். வலது ஸ்டிக்கின் முன் பின் அசைவு எலிவேட்டர். ரோட்டர் தட்டு, அதாவது சுற்றும் பிளேடுகள் போடும் வட்டம், முன்னோ பின்னோ சாயும். அதன் இட வல அசைவு ஏலரான். ரோட்டர் தட்டு பக்கவாட்டில் சாயும். ஜப்பானில் அதிகம் புழங்கும் மோடு 1-இல் திராட்டிலும் எலிவேட்டரும் கை மாறியிருக்கும். இணையத்தில் இறக்குமதி ரிமோட் வாங்கியவர்கள் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. எந்த மோடாக இருந்தாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். உங்கள் ஊரில் பறக்கவிடும் நண்பர்கள் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதுவே உங்களுக்கும் நல்லது. ஆபத்தில் அவர்கள் கையில் ரிமோட்டைக் கொடுக்க முடியும்.

இப்போது முக்கியமான விஷயம். இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை பேட்டரி தீர்த்தாலும் முன்னேற்றம் தெரியாது. வலது ஸ்டிக் என்பது ஹெலிகாப்டர் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை, அதன் வேகத்தையும் நேராகச் சொல்வதில்லை. சாய்வை மட்டுமே சொல்கிறது. சாய்ந்திருக்கும் வரை வேகம் கூடிக்கொண்டே போகும். ஸ்டிக்கை நடுவில் விட்டால் சாய்வு நேராகலாம், ஆனால் சேர்ந்த வேகம் அப்படியே இருக்கும். அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். நிறுத்த வேண்டுமானால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்க்க வேண்டும், நின்றதும் அந்த எதிர்ச் சாய்வையும் எடுத்துவிட வேண்டும். ஒரு தாம்பாளத்தில் கோலிக்குண்டைப் போட்டு அதை நடுவிலேயே நிறுத்திப் பாருங்கள். உருளும் குண்டை நிறுத்தத் தட்டை நேராக்கினால் போதாது, எதிரே ஒரு கணம் சாய்த்து உடனே திரும்ப வேண்டும். வலது கட்டைவிரல் செய்ய வேண்டியது இதைத்தான். அதனால் அனுபவசாலிகள் ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மெல்லிய தட்டல்களாகக் கொடுப்பார்கள்: ஒரு தட்டு, நடு, எதிர்த் தட்டு, நடு. பக்கத்தில் நின்று அவர்கள் விரலைப் பார்த்தால் ஸ்டிக் அசைவதே கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது அந்த இடப்பக்கச் சறுக்கல். அது பழுதல்ல. மேலிருந்து பார்க்கும்போது ரோட்டர் கடிகாரத் திசையில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான மாடல் ஹெலிகாப்டர்கள் அப்படித்தான். அதன் எதிர்வினையால் உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும், மூக்கு இடப்பக்கம் போகும். அதைத் தடுக்க வால் விசிறி வாலை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூக்கு நேராகிவிட்டது, ஆனால் அந்த இடப்பக்கத் தள்ளல் எங்கே போகும்? மொத்த இயந்திரத்தையும் மெதுவாக இடப்பக்கம் நகர்த்தும். ஆகவே இப்படிப்பட்ட ஹெலிகாப்டர் ஓர் இடத்தில் நிற்க வேண்டுமானால் வலப்பக்கம் ஒரு இம்மி சாய்ந்துதான் நிற்க வேண்டும். பெரிய ஹெலிகாப்டர்களிலும் இதே கதைதான். ஒரு சறுக்குக்கால் முதலில் தரையைத் தொட்டு மற்றது பின்னால் இறங்குவதைக் கவனித்தால் தெரியும். உங்கள் கையில் இருப்பது முழுக்க நேராக நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி தரைப் பயிற்சி. முதலில், ரிமோட்டும் ஹெலிகாப்டரும் அணைந்தே இருக்கட்டும். வெறும் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள்: "மூக்கு இடது" என்று சொல்லும்போது இடது கட்டைவிரல் இடப்பக்கம், "வலப்பக்கம் நகர்" என்றால் வலது கட்டைவிரல் வலப்பக்கம். சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். மூன்று சேனலிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி கிடையாது, ஏனென்றால் பழைய பழக்கம் விரலில்தான் இருக்கிறது, தலையில் இல்லை. பேருந்தில், தொலைக்காட்சி முன்னால், எங்கும் செய்யலாம். திரும்புவதைச் சொல்லும்போது எப்போதும் மூக்கையே சொல்லுங்கள். வாலைப் பார்த்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். மூக்கு இடப்பக்கம் போகும்போது வால் வலப்பக்கம் போகும். கண் வாலில் இருந்தால் கை கண்டிப்பாகத் தப்பாகப் போகும்.

இரண்டாவதாக, மின்சாரம் கொடுத்து, ஆனால் பறக்காமல். பிளேடுகளைப் பிடிக்கும் குட்டித் திருகாணிகளைக் கழற்றி பிளேடுகளை எடுத்துவிடுங்கள். மோட்டார் தவறிச் சுற்றினாலும் பயமில்லை. திராட்டில் முழுக்கக் கீழே இருக்க, ரிமோட்டை முதலில் போட்டு, அப்புறம் ஹெலிகாப்டரில் பேட்டரியைச் செருகி, சமமான தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். விளக்கு மின்னி நிற்கும் வரை தொடாதீர்கள். அந்தச் சில விநாடிகளில்தான் உள்ளே இருக்கும் ஜைரோ, அதாவது அசைவை உணரும் சென்சார், "அசையாமல் இருப்பது இதுதான்" என்று கணக்கெடுத்துக்கொள்கிறது. கையில் பிடித்துக்கொண்டு பேட்டரி செருகுகிறவர்கள், சாய்வான மேசையில் வைப்பவர்கள் எல்லாரும் அப்புறம் டிரிம்மோடு மல்லுக்கட்டுவது இதனால்தான். அணைக்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் ஹெலிகாப்டர், பிறகு ரிமோட்.

இப்போது கண்ணை ரோட்டர் தண்டின் அடியில் கொண்டுபோங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வளையம் ஒன்று தண்டைச் சுற்றி இருக்கும். அதுதான் ஸ்வாஷ்பிளேட். அதன் கீழ்ப்பாதி சுற்றாது. இரண்டு சின்ன சர்வோக்களிலிருந்து (ஸ்டிக்குக்கு ஏற்ப நகரும் குட்டி மோட்டார்கள்) வரும் மெல்லிய கம்பிகள் அதைப் பிடித்திருக்கும். மேல்பாதி ரோட்டரோடு சேர்ந்து சுற்றும். வலது ஸ்டிக்கை மெதுவாக முன்னே தள்ளினால் வளையம் பெரும்பாலும் முன்னே சாயும், வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் சாயும். பாதி தள்ளினால் பாதி. விட்டால் நேராகும். பத்து நிமிடம் இதையே பார்த்துக்கொண்டிருங்கள். ஸ்டிக்கின் எவ்வளவு சின்ன அசைவுக்கு அந்த வளையம் பதில் சொல்கிறது என்பது மனதில் பதியும். மேலே போனதும் அவ்வளவுதான் தேவைப்படப் போகிறது.

அப்புறம் ஸ்டிக்கைத் தொடாமல் ஹெலிகாப்டரைக் கையில் எடுத்து மூக்கைக் கீழே சாயுங்கள். வளையம் பின்னே சாய்வதைப் பார்க்கலாம். வலப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கம் போகும். ஜைரோ உங்கள் கையோடு சண்டை போடுகிறது. நிலைப்படுத்தும் முறையில், பல ரிமோட்டுகளில் 6ஜி என்று குறித்திருப்பார்கள், நீங்கள் சாய்த்துப் பிடித்திருக்கும் வரை வளையமும் எதிர்த்தே நிற்கும். அதற்குத் தரை எது என்று தெரியும். 3ஜி முறையில் திடீர் அசைவை மட்டும் எதிர்க்கும், பிறகு மெதுவாக விட்டுக்கொடுக்கும். வித்தியாசம் புத்தகத்தில் படித்தால் புரியாது, கையில் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும். முறையை மாற்றும் பொத்தான் உங்கள் மாடலில் இருந்தால், இப்போதைக்கு 6ஜி. ஸ்டிக்கின் வீச்சைக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தானியங்கித் திருத்தம் புதிதல்ல. ஆர்தர் யங் என்ற அமெரிக்கர் 1928-இல் தொடங்கி பத்தாண்டுகளுக்கும் மேலாக மின்மோட்டார் வைத்த சின்ன ஹெலிகாப்டர் மாடல்களைச் செய்து செய்து உடைத்தார். ரோட்டருக்குக் கீழே எடைத்தண்டு ஒன்றைச் சேர்த்த பிறகுதான் மாடல் நிலையாக நின்றது. கம்பிவழிக் கன்ட்ரோலில் பறந்த அந்த மாடலை 1941-இல் பெல் விமான நிறுவனத்திடம் காட்டினார்; அதிலிருந்து வளர்ந்த பெல் 47 தான் 1946 மார்ச் 8 அன்று பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர். உங்கள் எஸ்107-இன் உச்சியில் இருக்கும் தண்டு அந்த வம்சம்தான். வி911எஸ்ஸில் தண்டு இல்லை, அதன் வேலையை ஒரு சிப் செய்கிறது. ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கில் ரேடியோ ஹெலிகாப்டர்களை உருப்படியாகப் பறக்கவிட ஆரம்பித்த காலத்தில் வாலுக்கு ஜைரோகூடக் கிடையாது. திராட்டிலைத் தொட்டபோதெல்லாம் வால் ஓடும், அதை விரலாலேயே பிடிக்க வேண்டும். அந்தத் தலைமுறை ஆட்களின் ரட்டர் கை இன்றும் தனி அழகு.

மூன்றாவது பயிற்சிக்கு இன்னொரு ஆள் வேண்டும். வீட்டில் தம்பியோ மகளோ யாராவது போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஹெலிகாப்டரை அவர்கள் கையில் கொடுங்கள். நீங்கள் அணைந்த ரிமோட்டோடு ஹெலிகாப்டருக்குப் பின்னால் நில்லுங்கள், வால் உங்களைப் பார்த்தபடி. அவர்கள் அதை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தட்டும். நீங்கள் ஏலரானை வலப்பக்கம் தட்டிவிட்டு நடுவுக்கு வர வேண்டும். நடுவுக்கு வராமல் பிடித்துக்கொண்டே இருந்தால் அவர்கள் வலப்பக்கம் வேகமாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இதுதான் விதி. ஸ்டிக்கைப் பார்த்து அதற்கேற்ப ஹெலிகாப்டரை நகர்த்துவது அவர்கள் வேலை. சின்னப் பிள்ளைகள் இதை ரொம்ப ரசிப்பார்கள், கொஞ்சமும் இரக்கம் காட்ட மாட்டார்கள். அதனால் அவர்கள்தான் சிறந்த துணை. வால் உங்களைப் பார்த்தபடி சரளமாக வந்த பிறகு, கால்வாசி திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு முழுப் பக்கவாட்டு. கடைசியாக மூக்கு உங்களைப் பார்க்கும் நிலை.

மூக்கு எதிரே இருக்கும்போது வலது ஸ்டிக்கின் இரண்டு அசைவுகளும் தலைகீழாகத் தெரியும். ஏலரானை வலப்பக்கம் தள்ளினால் உங்கள் கண்ணுக்கு அது இடப்பக்கம் போகும். முன்னே தள்ளினால் உங்கள் மேலேயே வரும். இரண்டு உபாயங்கள் உண்டு. ஒன்று, உள்ளே விமானியின் இருக்கையில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வது. இது சரியான வழி, ஆனால் மெதுவாகத்தான் வரும். மற்றது அவசரத்துக்கு: எதிரே இருக்கும்போது எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்துக்கு ஸ்டிக்கைத் தள்ளுங்கள், தாழும் பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு. யோசிக்க நேரமே இல்லாத கணத்தில் இது ஹெலிகாப்டரைக் காப்பாற்றும். ஆனால் இதையே நம்பிக்கொண்டிருந்தால் பக்கவாட்டு நிலையில் குழம்பிப் போவீர்கள். அதனால்தான் கைப்பயிற்சியில் இருக்கை முறையை வற்புறுத்துகிறேன்.

எல்லாவற்றையும்விட முதலில் விரலில் ஏற வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது: திராட்டிலைப் பூஜ்யத்துக்கு இறக்குவது. பிளேடு எதிலாவது படப்போகிறது என்று தெரிந்த கணத்தில் கை தானாகவே திராட்டிலை ஏற்றப் பார்க்கும், தப்பித்துவிடலாம் என்று. இந்த அளவு ஹெலிகாப்டர்கள் சும்மா விழுவதால் பெரும்பாலும் உடைவதில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, பிளேடு திரைச்சீலையில் சிக்கி நிற்கும்போதுதான் பல்சக்கரம் தேய்கிறது, மோட்டார் எரிகிறது, தண்டு வளைகிறது. அதனால் துணைக்கு நிற்பவர் எதிர்பாராத நேரத்தில் "விழுது!" என்று கத்தட்டும், இடது கட்டைவிரல் ஒரே இழுப்பில் கீழே போக வேண்டும். பிற்காலத்தில் பெரிய ரகத்துக்குப் போனால் இதே இடத்தில் மோட்டாரை நிறுத்தும் திராட்டில் ஹோல்டு என்ற சுவிட்ச் வரும், அதை அடிக்க வேண்டும். அங்கே இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. 2013-இல் நியூயார்க்கின் ஒரு பூங்காவில் தேர்ந்த பறப்பாளியான 19 வயது இளைஞர் ஒருவர் தன் சொந்த மாடல் ஹெலிகாப்டரின் பிளேடு பட்டு இறந்தார். உங்களிடம் இருக்கும் பிளாஸ்டிக் பிளேடு அப்படிப்பட்டதல்ல. இருந்தாலும் கண்ணுக்கு ஆபத்து உண்டு. குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் பறக்கவிட வேண்டாம்.

இனி பிளேடுகளைப் பொருத்தலாம். திருகாணியை இறுக்கி முறுக்க வேண்டாம். பிளேடு லேசாக ஆடும்படி விட்டால்தான் சுற்றும்போது தானாக நேராகும், இடித்தால் மடங்கிக் கொடுக்கும். இடம் முக்கியம். சாமான் அடைத்த வரவேற்பறை வேண்டாம். காலியான ஹால், பள்ளிக்கூட அரங்கம், வண்டி இல்லாத மூடிய நிறுத்துமிடம் எதுவாவது. மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிடுங்கள். வெளியே என்றால் இலை அசையாத விடியற்காலை மட்டும். தரை வழவழப்பாக இருக்க வேண்டும்: டைல்ஸ், மொசைக், கிரானைட். பாய், கம்பளம், புல் எல்லாம் இந்தக் கட்டத்தில் எதிரி. சறுக்குக்கால் சிக்கிக்கொண்டால் ஹெலிகாப்டர் அந்தக் காலையே அச்சாக வைத்துக் கவிழும்.

திராட்டிலை மெதுவாக ஏற்றி, கால்கள் தரையில் லேசாகி நழுவத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பறக்கக் கூடாது. இந்த நிலையில் வலது ஸ்டிக்கை மறந்துவிட்டு ரட்டரை மட்டும் பாருங்கள். மூக்கை ஒரு பக்கம் திருப்பி நிறுத்துங்கள், மறுபக்கம் திருப்பி நிறுத்துங்கள். சுவரில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு அதையே பார்க்க வையுங்கள். திராட்டிலைச் சட்டென்று கூட்டினால் மூக்கு ஒரு பக்கம் உதைத்துத் திரும்பி, பிறகு ஜைரோ பிடிப்பதைக் காணலாம். இந்த ரகத்தில் வாலுக்குத் தனியாக ஒரு குட்டி மோட்டார். அது வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். திராட்டிலை மெதுவாக நகர்த்தும் பழக்கம் இங்கேயே வந்துவிட வேண்டும். பலரும் இந்தத் தரைச் சறுக்கலைத் தாண்டிக் குதித்து நேராகப் பறக்கப் போகிறார்கள். ரட்டர் விரலில் ஏறாமல் ஏலரானைக் கற்க முடியாது, மூக்கு ஓடிக்கொண்டே இருந்தால் எந்தப் பக்கம் எது என்பதே மாறிக்கொண்டிருக்குமே.

ஆனால் தரையிலேயே தேய்த்துக்கொண்டிருப்பதும் தப்பு. சாணளவு உயரத்தில் மிதக்கவிடத்தான் புதியவர்கள் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள், விழுந்தாலும் அடிபடாது என்று. உண்மையில் அதைவிடக் கடினமான உயரம் கிடையாது. ரோட்டர் கீழே தள்ளும் காற்று தரையில் பட்டுத் தெறித்துத் திரும்பவும் ஹெலிகாப்டரையே அலைக்கழிக்கும். அதே சமயம் தரை நெருக்கத்தில் தூக்குவிசையும் கூடுதலாகக் கிடைப்பதால் உயரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ரோட்டர் விட்டத்தின் அளவுக்கு மேலே போனால் இந்தத் தொல்லை பெரிதும் அடங்கும். ஆகவே ரட்டர் பழகிய பிறகு தயங்காமல் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். நீங்கள் மூன்று நான்கு அடி பின்னால், வால் உங்களைப் பார்த்தபடி. கண் ரோட்டர் தட்டின் சாய்விலும் மூக்கிலும் இருக்கட்டும். நகர்ந்த பிறகு திருத்துகிறவர் எப்போதும் ஒரு கணம் தாமதம். சாயும்போதே திருத்துகிறவர்தான் ஓர் இடத்தில் நிறுத்துகிறார். சில விநாடிகள் நின்றாலே இறக்கிவிடுங்கள். சோர்ந்த விரலோடு நீட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

டிரிம் பற்றி. தரையில் இருக்கும்போது தெரியும் சறுக்கலை வைத்து டிரிம் செய்யாதீர்கள், அது தரைக்காற்றின் வேலை. காற்றில்லாத இடத்தில், இடுப்பு உயரத்தில், ஸ்டிக்கை விட்டதும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் போனால்தான் டிரிம், அதுவும் ஒவ்வொரு சொடுக்காக. இட வல டிரிம்மைக் கடைசிவரை தள்ளியும் போதவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ: பேட்டரி உள்ளே கோணலாக உட்கார்ந்திருக்கும், ஸ்வாஷ்பிளேட் கம்பி கழன்றிருக்கும், அல்லது சமமில்லாத தரையில் ஜைரோ கணக்கெடுத்திருக்கும். டிரிம் சரியாக அமைந்தாலும் ஹெலிகாப்டர் கை விட்டு நிற்காது. 6ஜி சாய்வைத்தான் நேராக்கும், நகர்வை நிறுத்தாது. "டிரிம் எவ்வளவு வைத்தாலும் நிற்கவில்லை" என்றீர்களே, அது நிற்க வேண்டியதில்லை.

முன்பு ஒழுங்காக நின்ற வால் ஒருநாள் ஒரு பக்கமாகவே ஓட ஆரம்பித்தால் பேட்டரி தீருகிறது என்று அர்த்தம். புது பேட்டரியிலும் அப்படியே என்றால் வால் மோட்டார் களைத்துவிட்டது. இந்தக் குட்டிகளில் முதலில் சாவது அதுதான், விலையும் குறைவு. ஒன்று உபரியாக வாங்கி வையுங்கள். இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறட்டும். பேட்டரி 4.2 வோல்ட்டில் முழுசு. தூக்குவிசை குறைவதாகத் தெரிந்ததுமே இறக்கிவிடுங்கள், 3 வோல்ட் வரை உறிஞ்சினால் அது அதிக நாள் தாங்காது.

உயரத்தைத் தானாகப் பிடிக்கும் ஹெலிகாப்டர்கள் இப்போது நிறைய வருகின்றன, அதை வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியிருக்கும். அவற்றில் இடது ஸ்டிக் நடுவுக்குத் தானாகத் திரும்பும். நடுவில் விட்டால் காற்றழுத்த சென்சார் உயரத்தைப் பார்த்துக்கொள்ளும். வலது கட்டைவிரலைப் பழக அருமையானவை. ஆனால் திராட்டில் கையைக் கற்றுத்தராது, கதவு பட்டென்று சாத்தினாலும் ஏசி காற்று அடித்தாலும் உயரம் குழம்பும். உங்களுக்குத் திராட்டில் ஏற்கெனவே எஸ்107-இல் பழகிய ஒன்று. வாங்கியதே சரி.

கடைசியாக, சிமுலேட்டர். இந்த ஹெலிகாப்டருக்கு மட்டும் என்றால் தேவையில்லை. உடைந்தால் மாற்றும் பிளேடின் விலை குறைவு. பிளேடின் கோணத்தை மாற்றிப் பறக்கும் கலெக்டிவ் பிட்ச் ரகத்துக்கு அடுத்து போகும் எண்ணம் இருந்தால் வாங்குங்கள். அங்கே பறக்கும்போது ரோட்டர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும். திராட்டில் ஸ்டிக்கை அடியில் இழுத்தால் சில முறைகளில் பிளேடு எதிர்க்கோணத்துக்குப் போய் ஹெலிகாப்டரைத் தரையில் அறையும். அதை முதன்முதலில் திரையில் பார்ப்பது மலிவு. யுஎஸ்பி-யில் கணினியோடு இணையும் ரேடியோ ரிமோட்டாகப் பார்த்து வாங்கினால், எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் ரிமோட்டுகள் ஜாய்ஸ்டிக்காகவே தெரியும், பின்னாளில் அதே ரிமோட்டில் நிஜ ஹெலிகாப்டரையும் ஓட்டலாம். விளையாட்டுக் கணினியின் கேம்பேடில் மட்டும் பழகாதீர்கள். அதன் இடது ஸ்டிக் நடுவுக்குத் துள்ளித் திரும்பும், நிஜத் திராட்டில் விட்ட இடத்தில் நிற்கும். வலது விரலின் பழைய பழக்கத்தை மறக்க இப்போது நீங்கள் படும் பாட்டை இடது விரலிலும் பட வேண்டியிருக்கும். சிமுலேட்டரில் சாகசப் பகுதியைத் தொடாமல், மூக்கு எதிரே வைத்த மிதப்பை மட்டும் தினம் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். வால் பார்த்த மிதப்பை வி911எஸ்ஸிலேயே கற்றுக்கொள்ளலாம்.